சல்லிக்காரியின் புருஷன் பெயர்

எழுபதுகளில் திருகோணமலைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் எனக்கு வேலை. நோயாளிகளின் பழைய ஃபைல்கள் கட்டுக்கட்டாய்க் கறையானுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. புதிதாய் வந்த பெரிய டொக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்து, நன்றாகத் தும்மிவிட்டு, எல்லாவற்றையும் கார்ட்டில் எழுதிப் பெயர் வரிசையில் அடுக்கச் சொன்னார். கை வீங்க எழுதிச் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கினேன். இனிப் பெயரைச் சொன்னால் போதும், கார்ட் கையில் வந்துவிடும் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சல்லி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தாள் ஒரு மீன்காரி. புருஷன் காய்ச்சலில் நினைவில்லாமல் வார்டில் கிடந்தார். முன்னொரு தடவை இங்கே போட்ட ஏதோ ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்துச் சாகப் பார்த்தவராம். எந்த ஊசி என்று அவளுக்குத் தெரியாது. பழைய பதிவை எடுத்து வரும்படி டொக்டர் அனுப்பியிருந்தார்.

“பேரென்னம்மா?”

“என்ட பேரோ, பிள்ளை?”

“உங்கட பேர் எனக்கென்னத்துக்கு? அவர்ட பேர்!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, ஏலாது. புருஷன்ட பேரைச் சொன்னால் அவர்ட ஆயுசு குறைஞ்சுபோம். மூத்தவளின்ட அப்பா எண்டு போடுங்கோ.”

வார்டுத் துண்டைப் பார்த்தேன். அங்கேயும் பெயருக்கு நேரே ‘மூத்தவளின் அப்பா’ என்றுதான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, எது மாதிரிப் பேர் எண்டாவது சொல்லுங்கோ.”

“இரவில வானத்தில வருமே, அது பின்னுக்கு. முன்னுக்கு வேற ஒண்டு.” ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

“கடலோ? கப்பலோ? காகமோ?”

“காகமெண்டு ஆரும் பேர் வைப்பினமோ?”

“மனுசன் அங்க கிடக்க, விடுகதை போடுறியளோ!”

“உங்கட புருஷன்ட பேரை நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்.”

“ஏன், சொல்லுவன்” என்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. சனியன்!

அப்போது வார்டிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். இனியும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் தப்பாதாம், டொக்டர் பெனிசிலின் போடப் போகிறாராம்.

அவள் முந்தானையை விட்டாள். சொன்னாள். சொல்வதென்ன, ஆழ்கடலில் நிற்கும் வள்ளத்தைக் கரையிலிருந்து கூப்பிடுகிறவள் போலக் கத்தினாள். மருந்துக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கார்ட் உடனே அகப்பட்டது. ‘பெனிசிலின் கூடாது’ என்று நானே எழுதியிருந்தேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். டொக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

திரும்பி வந்தால், அவள் நிலத்தில் குந்தியிருந்து ஒப்பாரி வைக்கிறாள். “நானே அவர்ட ஆயுசைக் குறைச்சுப்போட்டனே!”

மனுசன் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அன்று மெலிந்துபோய், அவளைப் பிடித்துக்கொண்டு பதிவறை வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, இவள் என்ட பேரைச் சொன்னவளாமே, மெய்யோ?”

“ஓம். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.”

அவர் முகம் வாடிவிட்டது. பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாரும் கேட்டிட்டினம். நான்தான் கேக்கேல்லை.”