தகர மூடியைச் சுற்றிய பெயர்கள்

பொன்னுத்துரை 1924இல் சாவகச்சேரியில் பிறந்தார். இருபத்திரண்டாம் வயதில் கண்டிக்கு வந்து, அம்பிட்டியவில் குடியிருந்து, தேயிலை பொதிசெய்யும் நிலையமொன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தார். அவர் இழுத்த கோடு ஒருபோதும் கோணியதில்லை. அந்த நேர்த்தியே ஒருத்தியின் வேலையைப் பறித்தது.

1966 ஆவணியில் நடந்தது அது. மஹய்யாவவிலிருந்து வந்து பொதிசெய்த பெண்கள் முப்பத்தொரு பேர். மாலையில் வாசலில் ஆண் காவலாளியே அவர்களைத் தடவிச் சோதித்தான். அந்த வேலைக்கு ஒரு பெண்ணை நியமிக்கும்படி விண்ணப்பம் எழுதித் தருமாறு கேட்டார்கள். பொன்னுத்துரை மனமுவந்து எழுதினார். “நாங்கள் யாவரும் ஒருமைப்பாட்டுடன் வேண்டிக்கொள்வது” என்று அவர் வாசித்தபோது கமலம் குறுக்கிட்டாள்.

“அது என்னாங்க கிளாக்கரய்யா, ஒருமைப்பாடு?”

“ஒருத்தருக்கு அடிச்சால் எல்லாருக்கும் நோகும். அதுதான்.”

“அதுக்கு இம்புட்டு நீளமான பேரா!” என்று சிரித்தாள் பரிமளம். “அப்ப ஒங்களுக்கும் நோவுமாய்யா?”

“ஓம், ஓம்” என்றார், பேனாவை மூடியபடி.

பெண்கள் தேயிலைத் தகரத்தின் மூடியைத் தாளில் கவிழ்த்து, அதைச் சுற்றிப் பெருவிரல் பதித்தார்கள். ஒவ்வொரு விரலடையாளத்தின் அருகிலும் பொன்னுத்துரை பெயரெழுதினார். வட்டத்துக்கு முதலுமில்லை, முடிவுமில்லை. யார் தொடங்கினாரென்று எந்தத் துரையாலும் சொல்லமுடியாது. ஆனால் பெயர்களை வாசிக்கத் தாளைச் சுழற்றவேண்டியிருந்தது. தேயிலைத் தூளும் அப்பியிருந்தது. அதை மனேஜரிடம் நீட்டப் பொன்னுத்துரைக்குக் கூசியது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை இலக்கமிட்டுச் சுத்தப்பிரதி எடுத்து, மறுநாள் மீண்டும் விரல் பதிக்கச் சொன்னார்.

“ஐயா, எம் பேரு மொதல்ல நிக்குதே?” என்றாள் கமலம்.

“முதலாவதாய் ஆராவது இருக்கத்தானே வேணும்?”

“நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்.”

மனேஜர் முதலாம் இலக்கத்தில் விரலை வைத்தார். “தூண்டிவிட்டவள் இவள்தான்.” கமலம் அன்றே வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். இலக்கமிட்ட வரிசை என்னுடையது என்ற ஒரு சொல், மனேஜரின் கதிரையருகே நின்ற பொன்னுத்துரையின் நாக்குவரை வந்தது. பதவியுயர்வு அந்த மாதம் வரவிருந்தது. விழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை முப்பது பெண்களும் வேலைக்கு இறங்காமல் வாசலில் அமர்ந்திருந்தார்கள். பரிமளம் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

“உள்ள போங்கய்யா, நேரமாச்சு.”

அவர் போனார்.

மூன்றாம் நாள், வெளியே யாரையோ கொண்டு எழுதிய புதிய விண்ணப்பத்தோடு கமலமே வந்தாள். அதே மூடி, அதே வட்டம். அவளுடைய விரலுக்கும் பரிமளத்தின் விரலுக்கும் நடுவே வெற்றிடம்.

“இதிலை ஒண்டு விடுபட்டிருக்கே?”

“விடுபடலைங்க. விட்டிருக்கோம்” என்று மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

உள்ளே மனேஜர் செருமும் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை தாளை அப்படியே கோப்பில் வைத்து எடுத்துப்போனார்.

பொதிகளுக்காக லொறிகள் காத்துநின்றதால் நிருவாகம் அன்று மாலையே இறங்கிவந்தது. கமலம் வேலைக்குத் திரும்பினாள். வாசலுக்குப் பெண்ணொருத்தி வந்தாள். பொன்னுத்துரைக்குப் பதவியுயர்வும் வந்தது. கமலம் அவரை முன்போலவே “வாங்கய்யா” என்றாள். திட்டியிருந்தால் அவருக்குச் சற்று ஆறியிருக்கும். அந்த நீளமான சொல்லை அவர் பிறகு எதிலும் எழுதவில்லை.

1991இல் அவர் படுக்கையில் கிடந்தபோது, மகள் இராஜகுமாரி அலுமாரியில் அந்தத் தாளைக் கண்டெடுத்தாள். அலுவலகத்திலிருந்து அவர் கேளாமல் எடுத்துவந்த ஒரே பொருள் அது.

“ஏனப்பா இதை வைச்சிருக்கிறியள்?”

அவர் வெற்றிடத்தைத் தடவினார்.

“அவையள் எனக்கும் இடம் விட்டவையள், பிள்ளை. ஒரு பெருவிரல் அளவுதான்.”