நோட்டீஸுக்குப் போட்ட இலைக்கூரை

சென்ற வாரம் ஆனைமலைக் காட்டிலிருந்து எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் வெள்ளச்சி என்ற மலைவாசிப் பெண். நம் கரீம் சார் மலைக்காய்ச்சலில் காலமாகிவிட்டாராம். படித்ததும் பிழை தேடினேன். பாழாய்ப்போன வாத்தியார் புத்தி. ஒரு பிழையும் இல்லை. அப்புறம்தான் அழுதேன்.

சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே மயிலாப்பூர்ப் பள்ளிக்கு வரும் கரீம் சாரை உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரு கோடை விடுமுறையில் காடு பார்க்கப் போய்த் திரும்பியவர், சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். காட்டு ஜனங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறாராம். ஆசிரியர் அறையே சிரித்தது. உரக்கச் சிரித்தவன் நான்தான்.

"இன்னா சார் சிரிக்கிறீங்க?" என்றார். "மரத்துல இங்கிலீஷ் நோட்டீஸ் அடிச்சிகீது. சர்க்கார் காயிதமாச்சேன்னு, நனையாம அதுக்கு இலைக்கூரை போட்டு வெச்சிகிறாங்க. அவங்களையே காலி பண்ணச் சொல்ற காயிதம் சார் அது."

நீங்களே ஒரு மனு எழுதிப் போடலாமே என்றேன்.

"எவனோ பட்டணத்தான் தூண்டிவுட்டான்னு கிழிச்சிடுவாங்க. அவங்களே கேக்கணும் சார்."

மறு கோடையில் நான் போனபோது ஆள் பாதியாகியிருந்தார். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. பாடப்புத்தகம் கிடையாது, அந்த நோட்டீஸ்தான் பாடம். இலைக்கூரைக்கு முன்னால் நின்று, மழை கொட்டக் கொட்ட, சொல் சொல்லாகப் படித்தார்கள்.

நான் இருந்தபோதே வனத்துறைத் துரை ஆட்களோடு வந்துவிட்டார். வெள்ளச்சி நோட்டீஸை முழுதும் வாசித்தாள். பிறகு ஆங்கிலத்திலேயே கேட்டாள்: "இதை எழுதியவர் எங்கள் வீடுகளைப் பார்த்திருக்கிறாரா?" எழுதியவர் அந்தத் துரைதான். பார்த்ததில்லை. கரீம் சார் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்காமல் தள்ளியே நின்றார். துரை மாலைவரை குடிசை குடிசையாக நடந்தார். போகும்போது நோட்டீஸைத் தம் கையாலேயே பிய்த்து எடுத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனிதன் பாடம் எடுக்க முடியுமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் சிலிர்க்கிறது.

"காரியம் முடிஞ்சிதே, கிளம்புங்க," என்றேன்.

"இன்னா சார் நீங்க, இனிமேதான் ஏ பி சி டி ஆரம்பிக்கணும்," என்றார். அதன்பின் அவர் பட்டணம் திரும்பவே இல்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். அதன் கடைசி வரிகள் இவை: "சாரை அந்த மரத்தடியிலேயே அடக்கம் செய்தோம். நனையாமலிருக்க மேலே இலைக்கூரை போட்டிருக்கிறோம்."