செம்பனையில் கட்டிய மஞ்சள் துண்டு

மலேசியாவின் கோலா கங்சாருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் வீடு ஒன்றைப் புதுப்பித்து விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் அங்கே போனது இயற்கையை ரசிக்க அல்ல. என் மனைவியின் மார்பில் ஒரு கட்டி. ஈப்போவில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு முழுவதும் வீட்டில் உட்கார்ந்து ஹேண்ட்போனையே பார்த்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிடும் என்று கிளம்பிவிட்டோம். அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒப்பந்தம்.

பேசாமல் இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டுமே. சுற்றுவட்டாரத்தை ஆராய்வது என்று முடிவெடுத்தேன். முழங்கால் வரை காலுறை, புது பூட்ஸ், தொப்பி, கழுத்தில் விசில்.

"செத்துப்போன வெள்ளக்கார தொரை திரும்பி வந்துட்டாரு போல," என்றாள் மனைவி.

என் தாத்தா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், தோட்டம் என் ரத்தத்திலேயே இருக்கிறது என்றேன். நான் பிறந்து வளர்ந்தது ஈப்போ அடுக்குமாடியில் என்பதை அவள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டாள்.

சனிக்கிழமை காலை ரத்தம் வழி காட்டவில்லை. ரப்பர் எப்போதோ போய்விட்டது. இப்போது எல்லாம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே வரிசை, வெட்டிப்போட்ட அதே மட்டைக் குவியல். ஹேண்ட்போனில் லைன் கிடையாது. புதருக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. காட்டுப்பன்றிதான் என்று விசிலை உயிர் போக ஊதினேன். ஒரு மாடு தலையை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போய்விட்டது. ஒருவழியாக வெளியே வந்து நான் நின்ற இடம், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் கோழிக்கூண்டுக்குப் பின்புறம்.

"என்னாண்ணே, கோழி வேணும்னா முன்னாடி வந்து கேக்கலாம்லா," என்றார் அக்கா.

மானம் போனதைத் தாங்க முடியவில்லை. சாயங்காலம் மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது, கொண்டுவந்திருந்த பழைய மஞ்சள் துண்டை நீளநீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். திரும்பும் இடத்திலெல்லாம் மரத்தின் மட்டை முண்டில் ஒன்றைக் கட்டினேன். ஓடை வரை போய், எங்கும் தடுமாறாமல் வீடு வந்து சேர்ந்தேன். அந்தப் பெருமையில், கட்டியதை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை அக்கா தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு செய்தி.

"அண்ணே, நம்ம முனியாண்டி திரும்ப வந்துட்டாரு! முன்ன ஓடைக்குப் போற முச்சந்தியில அவரு கல்லு இருந்திச்சு. பால் மரத்த சாய்க்கிறப்ப அதையும் சேத்துத் தள்ளிட்டானுங்க. இன்னிக்குப் பாத்தா அதே எடத்துல, செம்பனையில மஞ்சத் துணி! யாரும் கட்டலையாம். நான் போயி சூடம் கொளுத்திட்டு வந்தேன். மோட்டர் பைக்ல ரெண்டு பேரு வந்து சாமிகிட்ட லாட்டரிக்கு நம்பர் வேற கேட்டுக்கிட்டு இருக்கானுங்க."

சம்பாலின் மிளகாய்க் காரம் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்து, உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா, நானும் வந்து கும்பிடலாமா?" என்றாள் மனைவி.

கல்யாணம் ஆனதிலிருந்து கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவன் நான். சாமி, சகுனம் எதையும் கேலி பேசாமல் விட்டதில்லை. இந்தக் கதை மட்டும் போதும், ஒரு வருஷத்துக்கு ஈப்போவில் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. திறந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

அக்கா எங்களை முச்சந்தியில் விட்டு, கையில் சூடத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மரத்தடியில் எலுமிச்சம்பழம், குங்குமம், யாரோ வைத்துப் போன ஒரு சிகரெட், ஒரு டின் பீர். மேலே, பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் நான் போட்ட முடிச்சு. மனைவி சூடத்தை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். வெகுநேரம் நின்றாள். நாளைக்கு முடிவு மோசமாக வந்தால்? இல்லாத சாமியிடம் இவளைக் கெஞ்ச விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவன் ஆகிவிடுவேனே.

"இந்தத் துணி வந்து..." என்று இழுத்தேன்.

"தெரியும்லா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "எத்தன வருஷமா அந்தத் துண்ட நான் தொவைக்கிறேன்?"

"பின்ன எதுக்கு கும்பிடுற?"

"வேற எங்க போயி கேக்கறது? எனக்குப் பயமா இருக்குங்க. சும்மா நிக்காம நீங்களும் கேளுங்க."

தொப்பியைக் கழற்றினேன். நானே கிழித்து நானே கட்டிய துணியின் முன்னால் கைகூப்பினேன். எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்கும் பயமாக இருந்தது, அவளைவிட அதிகமாகவே இருந்தது. இவளை என்னிடமே விட்டுவிடு என்று வாய்விட்டுக் கேட்டேன்.