ஸ்டோர் பெருங்காயமும் அன்னப்பட்சிப் பெருங்காயமும்

என் வீட்டுக்காரர் கோவாப்பரேட்டிவ் ஸ்டோருக்கு டைரக்டர் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் நெருப்புக்குச்சி ஒழுங்காகப் பற்றியதில்லை. யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்தோம். அவருக்குத் திருச்சியில் ரயில் ஆபீஸில் குமாஸ்தா வேலை. நாலு ஆபீஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய ஸ்டோர் அது. அரிசி, பருப்பு, மிளகாய் விற்றவரைக்கும் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் கூட்டத்தில் எழுந்து, கம்பெனிக்காரன் சரக்கை வாங்கி விற்பானேன், நாமே சரக்குப் பிடித்து நம் ஸ்டோர் மார்க்கைப் போட்டு விற்றால் என்ன என்று கேட்டுவிட்டான். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி.

சோப்பு, நெருப்புப்பெட்டி, பல்பொடி, பெருங்காயம், எல்லாவற்றின் மேலும் ஒரே மலைக்கோட்டைப் படம். ஸ்டோர் பல்பொடியால் பல் தேய்த்தால் வாயில் செங்கல் கரைந்தது. ஸ்டோர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாழி தேய்த்தாலும் நுரை வராது. கேட்டால், "நுரை வந்தாத்தான் அழுக்குப் போகும்னு உனக்கு எவன் சொன்னான்? நுரையெல்லாம் கம்பெனிக்காரன் பண்ற ஜோடனை" என்பார். அப்படியானால் அவர் சட்டைக் காலரில் இருந்த அழுக்கு யார் பண்ணின ஜோடனை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் பாதியைத்தான் கேட்போம், மீதியைப் பாத்திரம் தேய்க்கும்போது தேய்த்துவிடுவோம்.

சோப்பையும் பல்பொடியையும் நான் பொறுத்துக்கொண்டேன். பெருங்காயத்தில்தான் வந்தது வினை. எங்கள் வீட்டில் சாத்தமுது என்றால் ஒரு நாள் தவறக்கூடாது. ரசத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வது. பம்பாயிலிருந்து வரும் அன்னப்பட்சி மார்க் பெருங்காயத்தை நெய்யில் பொரித்துப் போட்டால் வாசல்வரை மணக்கும். ஸ்டோர் பெருங்காயம் அதே நெய்யில் விழுந்து, கறுத்து, மிதந்து, அவ்வளவுதான். அதில் வாசனை இல்லையென்று நான் சொல்வேன். என் மூக்கில்தான் கோளாறு என்று அவர் சொல்வார். தினம் இதே பாட்டு.

இப்படி இருக்கும்போதுதான் துறையூரில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அம்மா போனபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது, தலை பின்னிவிட்டது, ஜுரம் வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணமாகிக் கிளம்பும்போது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். அப்பா நேரில் வந்து, "தாயில்லாப் பொண்ணு, கூட இருந்து எல்லாம் பார்க்க ஒரு பொம்மனாட்டி வேணும். கொஞ்சம் முன்னாடியே அனுப்பி வெச்சேள்னா நன்னாயிருக்கும், மாப்பிள்ளை" என்று கேட்டார். இவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "முகூர்த்தத்தன்னிக்குக் காலம்பற பஸ்ஸிலே ரெண்டு பேருமா வந்துடறோம். அம்மாவாலே தனியாத் தளிகை பண்ண முடியாது, பாருங்கோ" என்றார். அம்மா என்றது என் மாமியாரை, தளிகை என்றது சமையலை. அப்பா மேல்வேஷ்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றெல்லாம் நான் கொல்லைக் கிணற்றடியில் அழுதேன். முகூர்த்தத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டுப் போக நான் என்ன எதிர்வீட்டுக்காரியா?

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"என்ன, சாத்தமுது இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு?"

"என்னைச் சொல்லாதேங்கோ, உங்க ஸ்டோரைச் சொல்லுங்கோ" என்றேன்.

"ஸ்டோர் சரக்கும் உன் அன்னப்பட்சியும் ஒரே பண்டம். மேலே ஒட்டியிருக்கிற படம்தான் வேற. கண்ணை மூடிண்டு சாப்பிட்டா உன்னாலே சொல்ல முடியுமா, எது எதுன்னு?"

"சொன்னா?"

"சொன்னா, நாளைக்கே உன்னைத் துறையூர் பஸ்ஸிலே ஏத்தி விடறேன். கல்யாணம் முடிஞ்சு மெதுவா வா. சொல்லலேன்னா, இந்தாத்திலே இனிமே பெருங்காயப் பேச்சே எழுந்திருக்கப்படாது."

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது சின்னக்கடை வீதிக்குப் போய் அன்னப்பட்சி டப்பா ஒன்று வாங்கி வந்தார். டைரக்டரே கம்பெனிச் சரக்கு வாங்குவதை மெம்பர் எவனாவது பார்த்துவிடப் போகிறானென்று செய்தித்தாளில் சுற்றிக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அதோடு ஒரு ஸ்டோர் டப்பாவும். இரண்டும் புதிது. நான் வைத்தால் வாசனை பிடித்துவிடுவேனாம். அதனால் மறுநாள் என் மாமியார் தளிகை பண்ணுவதென்று ஏற்பாடு. மாமியார் ஜபத்தில் உட்கார்ந்திருக்கும்போது இவர் போய், பெரிய ஈயச்சொம்பில் ஸ்டோர், சின்னச் சொம்பில் அன்னப்பட்சி என்று இரண்டு தடவை சொன்னார். ஜபத்தில் மாமியார் வாய் திறக்கமாட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் இலை போட்டாயிற்று. இரண்டு கிண்ணத்தில் சாத்தமுதை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு அவர் எதிரே பலகையில் உட்கார்ந்துகொண்டார், ஹைக்கோர்ட் ஜட்ஜ் மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தேன். இரண்டாவதிலிருந்து ஒரு வாய். மறுபடி முதலாவது. ஒரு துளி வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை மாசமாக இல்லை, இல்லையென்று நான் கத்தின வாசனை இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது, அல்லது இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஏதாவது ஒன்றைக் கை காட்டிவிடலாம், பலித்தால் துறையூர். ஆனால் நாக்குக்குத் தெரியாததைத் தெரியுமென்று சொல்ல எனக்கு வரவில்லை. தங்கை முகம் கண்ணுக்குள் வந்தது. அப்போதும் வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றேன்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. "அப்படிச் சொல்லு" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அதோடு விட்டாரா? இரண்டு கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துத் தானே ஒவ்வொரு வாய் குடித்தார். "உனக்கு ஒண்ணா இருக்கு. எனக்குத் தெரியறதே. இதோ, பெரிய சொம்பு சாத்தமுது, இது ஸ்டோர். என்ன காரம், என்ன மணம். சின்னச் சொம்பு சப்புனு இருக்கு. கம்பெனிக்காரன் மாவைக் கலந்துட்டான்" என்றார்.

உள்ளேயிருந்து மாமியார் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

"என்னடா மணம், என்னடா சப்பு? ரெண்டுக்கும் ஒரே ஜாடியிலேர்ந்துதானே எடுத்தேன்."

"டப்பா ரெண்டு கொடுத்தேனே அம்மா?"

"கொடுத்தே. லேபிள் ஒட்டின டப்பா எப்படிடா தளிகை உள்ளே வரும்? பசை பத்தாச்சே. விடியக்காலமே ஸ்நானத்துக்கு முன்னாடி ரெண்டையும் பிரிச்சுக் கல்ஜாடியிலே கொட்டிட்டு, டப்பாவைக் கொல்லையிலே போட்டேன். இந்த வெயில்லே ரெண்டும் இளகி ஒரே கட்டியா ஒட்டிண்டிருக்கு. ரெண்டு சொம்பிலே வைன்னே, வெச்சேன்."

நானாவது யோசித்திருக்கவேண்டும். லேபிள் ஒட்டுவது மாவைக் காய்ச்சின பசையால். காய்ச்சின மாவும் வடித்த சோறும் மாமியாருக்கு ஒரே பத்துத் தோஷம், மடிச்சாமானில் படக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளாக லேபிளோடு ஒரு பொட்டலம் அந்த நிலைப்படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. எந்த மார்க்காக இருந்தாலும் கொல்லைத் தாழ்வாரத்தில் மார்க்கை இழந்துவிட்டுத்தான் உள்ளே வரும். இது தெரிந்தும் படித்த மனுஷர் ஒருவரும் வாய் ஓயாத நான் ஒருத்தியும் டப்பாவை நம்பிப் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

அப்போதாவது அவருக்கு வெட்கம் வந்ததா? "அப்போ பரீட்சை செல்லாது. பந்தயமும் ரத்து" என்று சொல்லிவிட்டு மோர்ச் சாதத்துக்குக் கையை நீட்டினார். எனக்கு அந்த ஈயச்சொம்பை எடுத்துத் தலையில் கவிழ்க்கலாம்போல இருந்தது. யார் தலையிலென்று நான் எழுதவேண்டியதில்லை.

மாமியார் மோரை ஊற்றவில்லை. "ஒரே ஜாடியை ஒண்ணுன்னு சொன்னவ அவ. ஒண்ணை ரெண்டாக்கிக் கதை சொன்னவன் நீ. எது செல்லாதுங்கறே? அவ துறையூர் போகட்டும். என்னாலே தளிகை பண்ண முடியாதுன்னு சம்பந்திகிட்டே சொன்னியாமே? யாரைக் கேட்டுண்டு சொன்னே?" என்றார். என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் உப்பைத் தேடினார்.

நான் போனேன். அப்பளம் இட்டேன், சீர்ப் பட்சணத்துக்கு அடுப்படியில் நின்றேன். முகூர்த்தத்தன்று என் தங்கைக்குத் தலை பின்னிப் பூ வைத்தது நான்தான். கடைசி நாள் கட்டுசாதம் வரைக்கும் இருந்து, அவளை வண்டியேற்றி அனுப்பிவிட்டுத்தான் திரும்பினேன்.

வந்ததும் மாமியார் கரண்டியை என்னிடம் கொடுத்தார். "நீ போன நாளா ஒரு நாளாவது ரெண்டாம் தடவை சாத்தமுது கேட்டிருப்பானா? வாசனையே இல்லையாம். அதே ஜாடிப் பெருங்காயம்தான், அதே புளிதான்" என்று சொல்லிவிட்டு ஜபத்துக்குப் போய்விட்டார்.

அன்று நான் வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இலையிலிருந்து தலையைத் தூக்கி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"துறையூர்லேர்ந்து அன்னப்பட்சி வாங்கிண்டு வந்துட்டியா?"

"இல்லை. அதே ஜாடிதான்" என்றேன். இப்போதாவது அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஸ்டோர் சரக்குக்கு நாளாக ஆகத்தான் வாசனை ஏறும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாதத்தைக் குழித்துக்கொண்டார்.