றொய் எறிந்த கடைசிப் பந்து

"இஞ்சாருங்கோ, இந்தப் பழைய தோல் கையுறையை எறியட்டே?" நிலவறையைத் துப்புரவாக்கப் போன மனைவி கீழேயிருந்து கேட்டாள்.

"ஐயோ, அதில கை வைச்சிடாதையும்!" என்று நான் படிகளில் பாய்ந்ததை என் முழங்கால் வைத்தியர் பார்த்திருக்க வேண்டும்.

கையுறையை வாங்கி முகர்ந்தேன். தோலும் எண்ணெயும் புழுதியும் கலந்த அதே வாசம். ஜெர்மனியின் கொலோன் நகரில் நான் உணவகமொன்றில் கோப்பை கழுவிய காலம். அங்கே பியர் ஊற்றியவன் றொய். அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் தொடரில் பந்தெறிந்தவன். தோள் பழுதாகி, ஜெர்மன்காரியைக் கட்டி இங்கே வந்தவன். ஞாயிறுகளில் உள்ளூர்க் கழகத்துக்கு எறிவான். அவனுடைய முழு வேகத்தைப் பிடிக்க அங்கே ஆளில்லை. பாவம், பாதி வேகத்தில்தான் எறிவான். பார்த்தவர்களெல்லாம் அவன் கதையைப் புளுகு என்றார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"நான் பள்ளிக்கூட விக்கெற் கீப்பரடா!" என்று டொச்சில், அதுதான் எனக்குத் தெரிந்த நொண்டி ஜெர்மனில், அவனுக்குச் சொல்லி, அவன் பந்தைப் பிடிக்கும் ஆளானேன். கீப்பருக்கு இரண்டு கையுறை, பேஸ்போலில் பிடிப்பவனுக்கு ஒன்றுதான். பழக்கதோசத்தில் வெறுங்கையையும் நீட்டினேன். சின்னவிரல் இன்றைக்கும் கோணல்தான்.

றொய்யின் தோள் இனித் தாங்காது என்று வைத்தியர் சொன்ன பிறகு வந்த அவனுடைய கடைசிப் போட்டி. முழு வேகத்தில் எறிந்தான். கடைசிக் கட்டத்தில் இரண்டு ஓட்டம் முன்னால் நிற்கிறோம். எதிராளி உயர அடித்த பந்தை ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்த சந்தோசத்தில், நம்மவர் எல்லோரும் செய்வதுபோல, பந்தை வானத்துக்கு எறிந்து துள்ளினேன். கிரிக்கெற்றில் அதோடு சரி. பேஸ்போலிலோ ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்குமாம்! மூன்றாம் மூலையில் காத்திருந்த எதிரணிக்காரன் ஓடிவந்து ஒரு ஓட்டம் எடுத்துவிட்டான்.

"மடையா, பந்தை ஏன்ரா மேல எறிஞ்சனி?" வேலியோரம் நின்ற நம்ம பெடியள் கத்தினார்கள். எனக்கு அழுகை வந்தது. றொய் சிரித்தான். தோளைத் தடவிக்கொண்டு, இனியும் முழு வேகம்தான் என்று தலையாட்டினான்.

கடைசி ஆளுக்கு எறிந்த கடைசிப் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. அடித்தவன் காற்றை அடித்தான். வென்றோம். எல்லோரும் வந்து கட்டிப்பிடித்தும், அந்தப் பந்து கிடந்த கையுறையை நான் திறக்கவில்லை. புளுகு என்றவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். றொய் தொப்பியைக் கழற்றினான். எனக்கு வந்த பெருமையை இப்போதும் அடக்க ஏலாது.

அந்த மைதானத்தில் இன்று மாடிவீடுகள். கழகம் கலைந்துவிட்டது, உணவகம் வங்கியாகிவிட்டது. அதன்பிறகு றொய் பந்தைத் தொடவேயில்லை. போன மாரியில் செத்துப்போனான்.

"அப்ப எறியேலாதோ?" என்றாள் மனைவி.

"ஏலாது. அவன்ரை கடைசிப் பந்தைப் பிடிச்சது இதுதான்."