அடுப்படியில் கிடந்த புத்தகம்

அப்பாவுக்கு மறதி நோய் என்று, வீட்டுக்கு வந்த நர்ஸ், அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லும் ஒரு மலையாளப் புத்தகம் கொடுத்தார். கேரளத்து வண்டிப்பெரியாரில் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு வாங்கி, அடுப்படியில் போட்டுவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்தில் காலைச் சங்கு ஊதினால் போதும், ஓய்வு பெற்ற அப்பா, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் கதவை மறித்து நின்றேன். என் கழுத்தைப் பார்த்துக் கத்தியை வீசினார். விறகுக்கட்டையால் அவர் கையில் அடித்தேன். கத்தி கீழே விழுந்தது. அதன் பிறகும் ஆத்திரம் அடங்காமல் இரண்டு அடி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அப்பா கைக்குக் கட்டுப் போட்டுத் திரும்பிய பின், மலையாளப் பள்ளியில் படிக்கும் என் மகள் அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள்.

"மறிக்கக் கூடாதாம்ப்பா. கூடவே கொஞ்ச தூரம் நடந்தா, அவங்களே திரும்பிருவாங்களாம்."

மறுநாள் சங்கு ஊதியதும் அவரோடு நடந்தேன். என்னை யாரோ சூப்பர்வைசர் என்று நினைத்தாரோ என்னவோ, பாதி வழியில் நின்று கட்டுப் போட்ட கையைக் காட்டினார்.

"எவனோ ஒருத்தன் அடிச்சுட்டான் சார். எம்மகன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவன வெட்டிப் போட்டுருவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட எனக்கு, அந்த மகன் நான்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை.