சீட்டுப் போட்டிக்குப் பதினோரு தேங்காய்

"அம்மா, கோவாவுல ஒரு டோர்னமெண்ட் இருக்கு. நல்லா வேண்டிக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் என் மகன் ரயில் ஏறினான். என்ன போட்டி என்று கேட்டேன். "உக்காந்த இடத்துல மூளையை வச்சு ஆடறதும்மா" என்றான். பள்ளிக்கூடத்தில் செஸ் ஆடி இரண்டு கோப்பை வாங்கின பிள்ளை. அவை இன்னும் எங்கள் வீட்டு டி.வி. மேல்தான் இருக்கின்றன. அதனால் எனக்கு வேறு எதுவும் தோணவில்லை.

நான் எட்டாம் கிளாஸ் வரை படித்தவள். பிள்ளைக்கு என்னால் ஆகிற உதவி ஒன்றுதான். எங்கள் தெரு அம்மன் கோயிலில் அவன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை வைத்தேன். "அவன் ஆட்டம் முடியற வரைக்கும் சோறு தொடமாட்டேன் தாயே. ஜெயிச்சு வந்தா பதினோரு தேங்காய் உடைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பூசாரி என்ன விசேஷம் என்று கேட்டார். செஸ் போட்டி என்றேன். "அப்ப ராஜாவைப் பத்திரமா பாத்துக்கச் சொல்லும்மா" என்று சிரித்துக்கொண்டே குங்குமம் கொடுத்தார்.

போட்டி தொடங்கின அன்று மத்தியானம் மகன் போட்டோ அனுப்பினான். என் வீட்டுக்காரருக்குக் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிற வேலை. சாப்பிட வந்தவர், போனை வாங்கி மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏய், இதுல குதிரை எங்க, யானை எங்க?"

"சரியாப் பாருங்க."

"நான் சரியாத்தான் பாக்கறேன். இது சீட்டுடி. கேசினோ."

பச்சைத் துணி விரித்த மேஜை. பிள்ளையின் முன்னால் கலர் கலராக வில்லைகள் அடுக்கியிருந்தன. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. அவன் உள்ளங்கைக்குக் கீழே இரண்டு சீட்டு. நான் அர்ச்சனை வைத்தது இதற்கா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கும் சீட்டு தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லோடிங்காரர்கள் ஷெட்டில் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவார். அங்கே தோற்றவன் காதில் குணுக்கு என்று எதையாவது மாட்டிவிட்டுக் கேலி பண்ணுவார்கள். ஒருநாள் காதில் பலாவிலையோடு அவர் வீடு வரை நடந்தே வந்திருக்கிறார். "நாங்க தோத்தா குணுக்கு மாட்டிக்கிட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வருவோம். இவன் எங்க போய் உக்காந்திருக்கான்?" என்றவர் அன்று சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மகன் கூப்பிட்டான். குரலில் அவ்வளவு துள்ளல்.

"முதல் நாள் தாண்டிட்டேம்மா! பாதிப் பேருக்கு மேல வெளியே போயாச்சு."

"காசு வச்சாடா ஆடறே?"

"போன மாசம் ஒரு சின்ன ஆட்டத்துல ஜெயிச்சேன், அதுல கெடச்ச என்ட்ரிம்மா இது. மேஜையில இருக்கறது வெறும் வில்லை. எல்லா வில்லையும் போனா எழுந்து வந்துடணும், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் உக்காந்திருக்கறவன் சாம்பியன்."

அவனே மீதியையும் சொன்னான். கடைசி மேஜைக்கு ஒன்பது பேர்தான் போவார்களாம். அந்த ஒன்பதில் அவன் வந்துவிட்டால் காக்கநாட்டுக் கம்பெனி வேலையை விட்டுவிடுவானாம். லெட்டர் எழுதி பையிலேயே வைத்திருக்கிறானாம். பிறகு ஊர் ஊராகப் போய் இதையேதான் ஆடுவானாம்.

"நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுத்தான் போனை வைத்தான். "ம்" என்றேன்.

சாப்பிடவில்லை. ஒரு பழமும் சர்க்கரை போடாத சாயாவும்தான். எனக்குச் சர்க்கரை வியாதி வேறு. என் நேர்ச்சை ஒரு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அவன் தோற்கிற வரைக்கும் எனக்குச் சோறு இல்லை என்றாகிவிட்டது.

"நீ நேர்ந்தது செஸ்ஸுக்குத்தானே? சீட்டுக்கு இல்லையே. உக்காந்து சாப்பிடு" என்றார் அவர்.

"அம்மன்கிட்ட நான் நட்சத்திரம்தான் சொன்னேன். ஆட்டத்தோட பேரா சொன்னேன்?"

நேர்ச்சையை முறித்து, அந்தக் குற்றம் பிள்ளைமேல் போய் விழுந்தால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். அவன் ஜெயித்தாலும் பயம். ராத்திரி படுத்தால் அந்த லெட்டர்தான் கண்ணில் நின்றது.

இரண்டாம் நாளும் தாண்டிவிட்டான். மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம் என்றான். யார் யார் மிச்சம், யாரிடம் எத்தனை வில்லை என்று போனில் வந்துகொண்டே இருக்குமாம். ஒரு மணி சுமாருக்குக் கிடங்கிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"இருபது பேர்தான் பாக்கி. நம்ம பையன் ஏழாவது!"

"வேலை நேரத்துல அதையா பாத்துட்டிருக்கீங்க?"

"சாக்கு தராசுலதான் நிக்குது, எங்க போயிடும்? பயலுக்கு மூளை இருக்குடி. என் ரத்தம்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் என்னை எழுப்பிவிட்டது. இவரும் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

நடை சாத்தியிருந்தது. வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அவனுக்கு அம்மை போட்டபோது இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் இங்கேதான் நின்றேன். இந்த முறை, "தோத்துப் போகட்டும் தாயே" என்றேன். மனசுக்குள்தான். பதிலுக்கு என்ன தருகிறேன் என்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளை தோற்பதற்கு எதை நேர்ந்துகொள்வது?

நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"போச்சும்மா" என்றான். "பன்னெண்டாவது எடத்தோட வெளியே வந்துட்டேன். கையில ரெண்டு ராஜாம்மா. கடைசிச் சீட்டு விழற வரைக்கும் நான்தான் மேல. எதிராளிக்கு ஒரே ஒரு ஏஸ் வந்தாத்தான் உண்டு. வந்துடுச்சு. அது எங்கேருந்து வந்துதுன்னே தெரியல."

எனக்குத் தெரியும். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வேண்டிக்கிட்டதாலதாம்மா இவ்வளவு தூரமாவது வந்தேன்" என்று சொல்லிவிட்டு அழுதான். இருபத்தேழு வயசுப் பிள்ளை.

சாயங்காலம் அவரே சோறு போட்டு மோர் ஊற்றிக் கொடுத்தார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அவ்வளவு பசி. அந்தப் பசிதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் முகம் கறுத்து வந்து சேர்ந்தான். அவர் கொடியிலிருந்து துணி மாட்டுகிற கிளிப்பை எடுத்து அவன் காதில் மாட்டிவிட்டார். "தோத்தவனுக்குக் குணுக்கு. எங்க ஷெட்டு சட்டம்." பிள்ளை அதைக் கழற்றாமலே சாயா குடித்தான். பாதிச் சாயாவில் சிரித்தும் விட்டான்.

சாயங்காலம் தேங்காய் மூட்டையை அவன்தான் கோயிலுக்குத் தூக்கி வந்தான்.

"ஜெயிச்சாத்தானே உடைக்கறதா வேண்டிக்கிட்டே?"

"பரவாயில்லடா, உடைச்சிடுவோம்."

ஒவ்வொன்றாக அவனே உடைத்தான். பூசாரி வந்து, "செஸ் என்ன ஆச்சு தம்பி?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் கீழே சிதறின சில்லுகளைப் பார்த்தேன்.

"தோத்துட்டேன் சாமி."

"அப்புறம் தேங்காய் எதுக்கு?"

"அடுத்த தடவைக்கு அட்வான்ஸ்" என்று சிரித்தான்.

நாளைக் காலை காக்கநாட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். லெட்டர் பையில் இருக்கிறதா, கிழித்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. பதினோராவது தேங்காய் முதல் அடிக்கு உடையவில்லை. மறுபடி கையை ஓங்கினான். நான் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.